பம்பரத்தின் தூக்கத்துக்கு ஏற்ற இன்ஜின்

நாற்பது குதிரைச் சக்தி இன்ஜினை மாட்டிய முதல் வாரத்திலேயே பம்பரத்தின் தூக்கம் கடலில் தங்கிவிட்டது. அதுவரை அது ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. பழைய பத்துக் குதிரை இன்ஜின் முக்கி முனகிக் கரைக்குத் திரும்பும்போது, கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தட்டுப்படுகிற இடத்தில் தூக்கம் மெல்ல வந்து படகில் ஏறும். பம்பரம் இன்ஜின் கைப்பிடியைப் பிடித்தபடியே கொட்டாவி விடுவான். வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்தால் அதுவும் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். நாற்பது வந்த பிறகு படகு அந்த இடத்தைத் தாண்டுகிற வேகத்தில் அதற்கு ஏறப் பிடி கிடைக்கவில்லை. அவன் மனைவியின் தம்பியும் அதே படகில்தான் போய்வந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் தன் தூக்கத்தை வீட்டுப் பாயிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறவன்.

பம்பரத்தின் மனைவி ஐஸ் கம்பெனியில் பாளங்களை எடைபோட்டு லாரியில் ஏற்றிவிடுகிறவள். காலைச் சங்கு ஊதுவதற்குள் உள்ளே இருக்க வேண்டும். பத்துக் குதிரையை நம்பிய காலத்தில் பம்பரம் எப்போதும் சங்கு ஊதிய பிறகுதான் கரை சேர்ந்தான். சாயங்காலம் அவள் திரும்பும்போது அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பான். பாதித் தெருவில் எதிரெதிரே வந்து, வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொள்கிற அளவில்தான் அவர்கள் குடித்தனம் நடந்தது. பக்கத்துப் படகுக்காரன் இருபத்தைந்து மாட்டினான், அதனால் நான் நாற்பது மாட்டினேன் என்று அவன் கரையில் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தக் கரையில் இன்ஜின் வாங்குவதற்கு அதைவிடப் பெரிய காரணம் யாரும் கேட்பதில்லை என்பதால் எல்லாரும் நம்பினார்கள். மெக்கானிக் காலிப் படகில் இன்ஜினை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். மூக்கைத் தூக்கிக்கொண்டு படகு பறந்ததைப் பார்த்து நின்றவர்கள் விசிலடித்தார்கள். பம்பரம் மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டான். உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் எழுந்துவிடுகிற ஆளுக்கு அந்த இன்ஜின் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

சங்குக்கு முன்னாலேயே அவன் வீட்டில் இருக்கத் தொடங்கினான். முதல் சில நாட்கள் இருவரும் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் டீயை ஊதி ஊதிக் குடிப்பவன் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு அவனால் உட்கார முடியவில்லை. ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினான். சமையலறைக்கு வெள்ளையடித்து, காய்வதற்குள் மறுபடியும் அடித்தான். பீரோவை ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நகர்த்தினான், நகர்த்தின கையோடு திருப்பிக் கொண்டுவந்தான். அவள் டம்ளரைக் கழுவப் போய்த் திரும்புவதற்குள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துவிட்டு வருவான். டாக்டர் கொடுத்த மாத்திரைகள் வேலை செய்யவில்லை. இல்லாத தூக்கத்தை மாத்திரை எங்கிருந்து கொண்டுவரும்? மழைக்காலம் வந்தபோது அவன் கண்கள் உள்ளே போய், வலையில் ஒரு முடிச்சுப் போடவே பாடாய்ப் பட்டான். இப்படியே விட்டால் ஆள் நடந்துகொண்டே முடிந்துபோவான் என்று அவளுக்குப் பயம் பிடித்தது. ஐஸ் கிடங்குக்குள் நின்று அழுதாள். அங்கே எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருப்பார்கள் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடலில் தங்கிய தூக்கம் சும்மா இருக்கவில்லை. அவன் தூங்க வேண்டிய ஒவ்வொரு பகலும் அதில் போய்ச் சேர்ந்து அது பெருத்தது. அந்தப் பக்கம் பறந்த பறவைகள் தண்ணீரில் இறங்கி, தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு மிதந்தன. வழியில் வந்த படகுக்காரர்கள் கண் சொக்கி, வலை எங்கே விட்டோம் என்பது தெரியாமல் கரைக்கு வந்து திட்டினார்கள். சிலர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் பழகினார்கள். பல் முளைக்கிற குழந்தையோடு அல்லாடிய ஒருத்தி படகுக் கூலி கொடுத்துப் போய்வந்தாள். மூட்டு வலியில் தூக்கம் கெட்ட மீன் ஏலக்காரர் ஒரு நாள் தலையணையோடு கிளம்பினார். நன்றாகத் தூங்கி எழுந்து வந்து, நேரே ஐஸ் கம்பெனிக்குப் போய், எடைமேடை பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. கனவுல நீ வந்தே."

அவள் கையிலிருந்த ஐஸ் கொக்கியைப் பார்த்துவிட்டு அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"என் கனவு இல்லம்மா, உன் வீட்டுக்காரர் கனவு. படகு கரைக்கு வருது. நீ கரையில முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறே. சங்கு ஊதுது. நீ திரும்பாமலே போயிடறே. அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதேதான்."

விசாரித்தபோது அங்கே கண்ணயர்ந்த எல்லாரும் அவள் முதுகைப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பின்னலை எந்தப் பக்கம் போடுகிறாள் என்பது வரைக்கும் சொன்னார்கள். முதலில் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் வீட்டுக் கனவை ஊரே பார்க்கிறதே என்ற கோபம். வீட்டுக்கு வந்து, பீரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்தபோதுதான் நாற்பது குதிரையை அவன் எதற்காக வாங்கினான் என்பது உறைத்தது. பீரோவின் இன்னொரு பக்கத்தைப் பிடித்து நகர்த்திக் கொடுத்தாள்.

பழைய பத்தை மாட்டிக்கொண்டு நிதானமாகப் போனால் தூக்கம் ஏறிவிடும் என்றார் மெக்கானிக். ஏறத்தான் செய்தது. ஆனால் அது ஒரு நாள் தூக்கமா? அது ஏறியதும் படகின் பின்பக்கம் இரண்டு சாண் தண்ணீருக்குள் இறங்கியது. பின்பலகைக்கு மேலே அலை புரண்டு உள்ளே வந்தது. இன்ஜின் தொண்டை கிழியக் கத்தியும் நீரோட்டத்தை எதிர்த்துப் படகு நின்ற இடத்திலேயே நின்றது. தம்பி வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே மீனை அள்ளிக் கடலில் கொட்டினான். அப்படியும் போதாமல் படகு ஒருபக்கம் சாய, தூக்கம் வழுக்கித் திரும்பக் கடலுக்குள் போய்விட்டது. "அரை நிமிஷம் மச்சான் தூங்கினாருக்கா. குறட்டைகூட விட்டார்" என்று அவன் அவளிடம் வந்து சொன்னான்.

மறுநாள் அவள் மெக்கானிக் கடைக்குப் போனாள். அவர் பதினைந்தா, இருபத்தைந்தா, முப்பதா என்று தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். காலிப் படகில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்போம் என்றார்.

"காலிப் படகுல எந்த இன்ஜின் ஓடாது? நாங்க லாரியைக் காலியா எடைபோட்டுட்டு ஏத்தம் ஏறுமான்னா பாக்கிறோம்? திரும்பி வரும்போது என்ன பாரமோ அதை ஏத்திட்டு ஓட்டிப் பாருங்க."

"தூக்கம் எத்தனை கிலோன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ரெண்டு சாண் இறங்கிச்சில்ல. அது போதும்."

ஐஸ் கம்பெனியிலிருந்து பாளங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, வலை, எண்ணெய் கேன், மீனுக்குப் பதில் ஈர மணல் மூட்டை எல்லாம் ஏற்றிய படகில், பின்பக்கம் இரண்டு சாண் இறங்கும்வரை அடுக்கினாள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. வெயிலில் ஐஸ் கரைந்துகொண்டிருந்ததால் மெக்கானிக்கை உட்காரவிடவில்லை. பதினைந்தில் படகு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதது, நகர்ந்தபாடில்லை. நாற்பதில் சீறிக்கொண்டு போனது, ஆனால் பின்பலகையில் மயிரிழை விரிசல் விட்டது. அந்தப் படகுக்கு அது எப்போதுமே அதிகப்படி என்று மெக்கானிக் அன்றைக்குத்தான் வாய்விட்டு ஒப்புக்கொண்டார். பலகையைச் சேர்த்துக் கட்டி, இருபத்தைந்தை மாட்டினார்கள். மூக்கு கொஞ்சம் எழுந்து, யோசித்து, பிறகு தணிந்தது. படகு பாரத்தோடு நேராக ஓடியது. பக்கத்துப் படகுக்காரன் வைத்திருந்த அதே இருபத்தைந்துதான். பம்பரம் அதற்குக்கூட முகம் சுளிக்கவில்லை, அவ்வளவு களைத்திருந்தான்.

லீவு சொல்லிவிட்டு அவளும் படகில் ஏறினாள். உச்சி வெயிலில் அந்த இடத்துக்குப் போய் தம்பி இன்ஜினைத் தணித்தான். தூங்கிவிடாமலிருக்கத் தலையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு, தொடையைக் கிள்ளிக்கொண்டு கைப்பிடியை விடாமல் இருந்தான். பம்பரத்தின் விரல்கள் படகு விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் பறவைகள் தூங்கின. அவள் கண் தானாக மூடியது. கரை தெரிந்தது, கரையில் தன் முதுகும் பின்னலும் தெரிந்தன. சங்கு ஊதியது. அவள் நகரப் போனாள். பிறகு, அது தன் முதுகுதான், தான் நினைத்தால் அது திரும்பும் என்று தோன்றி, அவள் திரும்பினாள். படகில் வருகிறவனை நேராகப் பார்த்தாள்.

படகின் பின்பக்கம் இரண்டு சாண் இறங்கியது. அவள் கண்ணைத் திறந்தபோது அவள் கைக்குள் இருந்த விரல்கள் ஆடவில்லை. பறவைகள் விழித்து, கூச்சல் போட்டுக்கொண்டு பறந்தன. தம்பி கைப்பிடியை முறுக்கினான். மூக்கு எழுந்து தணிந்தது. இருபத்தைந்து குதிரையும் ஆளையும் ஆளின் தூக்கத்தையும் சிந்தாமல் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

அவனைத் தூக்க எட்டுப் பேர் முயன்றும் முடியவில்லை, அவ்வளவு பாரம். படகைக் கரையோரத் தண்ணீரிலேயே கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு அங்கேயே விட்டார்கள். தம்பி அந்த நாட்களில் பக்கத்துப் படகில் வேலைக்குப் போனான். அவள் சங்குக்கு முன்னால் ஒரு தரமும் வேலை விட்டு ஒரு தரமும் வந்து, அவனுக்கு வாயில் கஞ்சி ஊற்றி, முகம் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். படகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. மெக்கானிக் கடையில் இன்றைக்கும் யார் இன்ஜின் கேட்டுப் போனாலும், ஆள், வலை, ஐஸ், மீன் என்று பாரத்தைக் கேட்டு முடித்துவிட்டு, தூக்கத்தைச் சேர்த்துச் சொல்கிறீர்களா சேர்க்காமலா என்று கேட்கிறார். யாரும் சிரிப்பதில்லை, யோசித்துப் பதில் சொல்கிறார்கள்.

மழைக்காலம் முடிந்து காற்று திரும்பிய ஒரு காலையில், படகு பழைய மட்டத்துக்கு வந்திருந்தபோது, பம்பரம் தார்ப்பாயை விலக்கி எழுந்து உட்கார்ந்தான். அவள் எதிரில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது.

"சங்கு ஊதிடுச்சா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல" என்றாள் அவள், டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டே.

அவன் டீயை ஊதி ஊதிக் குடித்து முடிக்கிறவரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. ஐஸ் கம்பெனிக்கு அன்றைக்கு அவள் தாமதமாகத்தான் போனாள்.