வெள்ளிக்கிழமைத் தாச்சி

மாட்டிறைச்சியை எந்தத் தாச்சியில் போடுவது என்ற கேள்வி, அடுப்பைப் போட்ட பிறகுதான் நிரஞ்சலாவுக்கு வந்தது. கடையில் நின்றபோது வரவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் தெரிந்தவர்கள் கண்ணில் படாத கடையாகத் தேடிப்போய், அரைத்த இறைச்சிப் பொட்டலத்தை அரிசிப் பைக்கு அடியில் மறைத்துக்கொண்டு வந்தவளுக்கு அந்த யோசனைக்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. இப்போது அடுப்பு சிவந்துகொண்டிருந்தது. குசினியில் இரண்டு தாச்சிகள் இருந்தன. ஜன்னல் பக்கத்து அலுமாரியில் இருந்தது சைவத் தாச்சி. கதவுப் பக்கத்து அலுமாரியில் இருந்தது மீனுக்கும் இறைச்சிக்குமான மச்சத் தாச்சி. அகப்பையும் அப்படியே இரண்டு. தொட்டியருகே பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சும் இரண்டு, சைவத்துக்குப் பச்சை, மச்சத்துக்கு நீலம். இந்தச் சட்டத்தைப் போட்ட புருசன் வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருடமாகிவிட்டது. சட்டம் மட்டும் போகாமல் அவளோடு தங்கிவிட்டது.

மச்சத் தாச்சி சின்னது. இரண்டு பேருக்கு நாலு துண்டு மீன் பொரிக்கத்தான் காணும். இந்தச் சமையலுக்கோ அகலமான, மூடியுள்ள தாச்சி வேண்டும். இறைச்சி, அவரை விதை, சோளம், தக்காளி, போதாதற்கு அரிசியும் பச்சையாக அதே தாச்சியில் விழுந்து ஒன்றாக வேகவேண்டும் என்று மசாலாப் பைக்கற்றின் முதுகில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அப்படியொரு தாச்சி சைவ அலுமாரியில்தான் இருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கிற தாச்சி. இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். அவள் அதை எடுத்து அடுப்பில் வைத்தாள். வைத்த பிறகு சாமிப்படம் இருந்த பக்கம் திரும்பவில்லை.

எல்லாம் மகள் ரக்ஷனாவுக்காக. வருகிற மாதம் அவளுக்குப் பதினாலு. அந்த வயதுப் பிள்ளை யாரோடு இருக்க விரும்புகிறது என்பதைத்தான் நீதிபதி முதலில் கேட்பார், நாங்கள் தலைகீழாக நின்றாலும் பிரயோசனமில்லை என்று லோயர் சொல்லிவிட்டாள். செப்டம்பரில் இருந்து புறநகர் டொலார்டில் தன்னோடு இருந்து படிக்கட்டும் என்று தகப்பன் திருமாறன் கேட்டிருந்தார். அங்கே பின்வளவு இருக்கிறது, பிள்ளைக்கென்று தனி அறை இருக்கிறது, நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே அவர் புதிதாகக் கட்டின கஜந்தியும் இருக்கிறாள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று ரக்ஷனா சொல்லியிருந்தாள். அந்த நாளில் இருந்து நிரஞ்சலாவுக்கு நித்திரை ஒழுங்காக இல்லை. ஷபனேல் தெருவில் குளிர்க்கோட்டுத் தைக்கிற இடத்தில் இரண்டு தரம் கோட்டின் கையை மாற்றித் தைத்து ஏச்சு வாங்கினாள்.

வெள்ளி பின்னேரம் திருமாறனின் கார் வந்து கீழே நிற்கும். ரக்ஷனா பையைத் தூக்கிக்கொண்டு வெளிப்படிகளில் தடதடவென்று இறங்கிப்போவாள். ஞாயிறு இரவு திரும்பி வரும்போது அவள் வாயில் ஒரே கதைதான். டெக்ஸ்-மெக்ஸ் என்கிற மெக்சிகோ மாதிரி இறைச்சிச் சோறு. மேலே சீஸ் உருகி இழுபடுமாம், அடியில் சோறு முறுகிப் பிடித்திருக்குமாம், அதைச் சுரண்டித் தின்னச் சண்டை வருமாம். அதற்குள் இருப்பது மாட்டிறைச்சி என்று நிரஞ்சலா ஒருநாள் கேட்டறிந்தாள். என் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமையில் மாடு தின்னக் கொடுக்கிறாள் அந்தக் கஜந்தி. அதே நேரம் ஒரு சின்னச் சந்தோஷமும் வந்ததை அவள் மறைக்க விரும்பவில்லை. திருமாறன் பக்கத்தில் இருந்து தயிரும் சோறும் பிசைந்து தின்றுகொண்டு வாய் திறக்கமாட்டாமல் முழிப்பார், நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பை மெஷினுக்கு முன்னால் இருந்து பல நாள் சுவைத்திருக்கிறாள்.

இந்த வெள்ளி அவர்கள் இருவரும் ஒரு கலியாணத்துக்கு டொரொண்டோ போய்விட்டார்கள். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக ஒரு வெள்ளிக்கிழமை அவள் பங்குக்கு வந்து விழுந்தது. அதைச் சாம்பாரில் வீணாக்க அவளுக்கு மனமில்லை. பக்கத்து மெஷின் மார்த்தாவிடம் கேட்டாள். மார்த்தா எல் சல்வடோர்க்காரி. இருவருக்கும் நடுவில் இருந்தது அரைகுறை பிரெஞ்சு மட்டும்தான். எங்கள் நாட்டில் இதை ஒருத்தரும் தின்பதில்லை, இது அமெரிக்கக்காரன் வேலை என்று மார்த்தா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, அரிசியைப் போட்ட பின் கிண்டாதே, மூடியைத் திறந்து பார்க்காதே என்று இரண்டு புத்தி மட்டும் சொல்லி அனுப்பினாள்.

வெங்காயமும் உள்ளியும் வதங்கும் வரைக்கும் எல்லாம் பழகிய வாசம்தான். இறைச்சியைக் கொட்டியதும் குசினி வேறு வீட்டுக் குசினியாக மாறிவிட்டது. ஜன்னலைத் திறந்துவிட்டாள். மார்ச் மாதக் குளிர் உள்ளே வந்து கழுத்தில் பட்டது. இறைச்சி நிறம் மாறும் வரை அகப்பையால் உடைத்து உடைத்து விட்டாள். தக்காளியை ஊற்றி, அவரையும் சோளமும் போட்டு, கழுவிய அரிசியைக் கையில் எடுத்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். இறைச்சிக்குள் பச்சை அரிசி போட இந்தக் கைக்கு யாரும் பழக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். வறுத்த மிளகாய்த்தூள் போத்தலைக்கூட ஒரு தரம் தொட்டுவிட்டுத் திரும்ப வைத்தாள். தன் கைப்பதம் இதில் வந்துவிடக் கூடாது, பிள்ளைக்கு அங்கே தின்றது மாதிரியே இருக்கவேண்டும். பதினாறு வருடம் திருமாறனின் தாயின் கைப்பதத்தைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தவள் இன்றைக்கு அவருடைய புதுப்பெண்டாட்டியின் கைப்பதத்தைப் பார்த்துச் சமைக்கிறாள். தன்னுடைய சமையல் என்று ஒன்று எப்போதாவது இருந்ததா என்று நினைக்க அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ரக்ஷனா பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மா, டெக்ஸ்-மெக்ஸ் மாதிரி மணக்குது."

"மாதிரி என்ன, அதேதான். கையைக் கழுவிக்கொண்டு வா."

"இண்டைக்கு வெள்ளியெல்லே?"

"வெள்ளிதான். இருந்திட்டுப் போகட்டும்."

பிள்ளை தாயை ஒரு விதமாகப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து வந்து மேசையில் இருந்தாள். நிரஞ்சலா தாச்சியோடு கொண்டுவந்து நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். மேலே தூவிய சீஸ் உருகி ஓரமெல்லாம் பொரிந்து கிடந்தது. ரக்ஷனா ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள், பிறகு பேச்சில்லாமல் தின்றாள். அடியில் பிடித்த சோற்றைக் கரண்டியால் சுரண்டி எடுத்தாள். தன் பீங்கானில் வெறும் சோளத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்த நிரஞ்சலாவுக்கு, பல மாதத்துக்குப் பிறகு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. இதோடு பேச்சை விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அவவின்ர மாதிரி வந்திருக்கோ?"

"ஆற்ற?"

"கஜந்தியின்ர."

ரக்ஷனா வாயில் சோற்றோடு சிரித்தாள். "கஜந்தி ஆன்ட்டிக்கு முட்டை அவிக்கவும் தெரியாதம்மா. அவ ஆஸ்பத்திரி வேலையால வரப் பிந்திடும். அப்பாதானே சமைக்கிறவர்."

"ஆர்?"

"அப்பா. வெங்காயம் வெட்டேக்க என்ர நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் நிப்பார். ஆன்ட்டி வந்து பாத்திட்டு விழுந்து விழுந்து சிரிப்பா. இது நல்லாயிருக்கு, ஆனா அப்பா சீரகம் கொஞ்சம் கூடப் போடுறவர்."

நிரஞ்சலா கரண்டியைக் கீழே வைத்தாள். திருமாறன். தேயிலைப் பேணி எந்தத் தட்டில் இருக்கிறது என்று பதினாறு வருடமாகத் தெரியாத மனுசன். அவள் காய்ச்சலில் கிடந்த நாளிலும் மேசையில் வந்து இருந்து, தேத்தண்ணி வரும் என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசன். வெள்ளி பின்னேரம் குளித்து, திருநீறு பூசி, சான் ரெஜிஸ் முருகன் கோயிலுக்குப் போய்வந்து, ஒவ்வொரு சட்டியாக மூடி திறந்து மணந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட இருப்பார். அந்த மனுசன் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமையில், மாட்டிறைச்சி வதக்குகிறார். தயிர்ச்சோற்றோடு அவரை முழிக்கவைத்து இவள் சுவைத்த நாள்களெல்லாம் சேர்ந்து இவள் முகத்திலேயே காறித் துப்பின. அவள் தோற்றது கஜந்தியின் சமையலிடம் இல்லை. அந்த மனுசனால் முடியும், முடிந்தும் இவளுக்காகச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

"பிறகு ஆர் கழுவுறது?" என்று கேட்டாள். குரல் வழமைபோல் இருக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டாள்.

"நானும் அப்பாவும். ஒரு தாச்சிதானே, கழுவவும் லேசு எண்டு சொல்லுவார்."

"இஞ்ச இருக்கேக்க ஏன் சமைக்கேல்லை எண்டு அவரைக் கேட்டனியோ?"

ரக்ஷனா பீங்கானைப் பார்த்தாள். "கேட்டனான்."

"என்ன சொன்னவர்?"

"அவருக்குச் சமைக்க எப்பவும் விருப்பமாம். நீங்கள்தான் ஒருத்தரையும் குசினிக்குள்ள விடமாட்டீங்களாம்."

பிள்ளை அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதனால்தான் நிரஞ்சலாவுக்கு இன்னும் நொந்தது. ரக்ஷனா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு வெள்ளி, மீன்குழம்புக்கு வைத்திருந்த அகப்பை தவறிப் பருப்புக்குள் போய்விட்டது. திருமாறன் சத்தம் போடவில்லை, கை நீட்டவில்லை. சைவச் சமையல் முழுவதையும் ஒவ்வொரு சட்டியாகக் குப்பைக்குள் கவிழ்த்துவிட்டு, "திருப்பிச் சமை" என்று சொல்லிவிட்டுப் போய் ரிவி பார்த்தார். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு திருப்பிச் சமைத்தாள். அன்றைக்குப் பிறகு அந்தக் குசினிக்குள் அவள் யாரையும் விடவில்லை என்பது உண்மைதான். திருமாறனின் தங்கை செல்வமலர் உதவிக்கு வந்து ஸ்பொஞ்சைத் தொட்டபோது கையிலிருந்து பறித்து வைத்திருக்கிறாள். யார் கலந்தாலும் குற்றம் இவள் தலையில்தானே விடியும். அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எங்கே தொடங்கிச் சொல்வது? சொன்னால் இவள் தகப்பனைக் குறை சொல்கிற தாயாகிவிடுவாள். சொல்லாவிட்டால் அவர் சொன்னதே கதையாக நின்றுவிடும்.

"சாப்பிடு, ஆறுது" என்று மட்டும் சொன்னாள்.

ரக்ஷனா தின்று முடித்து எழும்பினாள். தாயின் முகத்தில் ஏதோ மாறியிருந்ததைக் கண்டிருக்கவேண்டும். வந்து தோளில் கை வைத்தாள். "நீங்கள் இருங்கோ அம்மா. இண்டைக்கு நான் கழுவுறன். அங்க நான்தானே கழுவுறனான்." நிரஞ்சலா சரி என்று தலையாட்டிக் கதிரையில் சாய்ந்தாள். இந்த வீட்டில் சாப்பிட்ட பிறகு அவள் எழும்பாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. பிள்ளை தாச்சியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டிக்குள் வைத்தாள். தண்ணீரைத் திறந்தாள். கைக்கு எட்டியது நீல ஸ்பொஞ்ச். அதை எடுத்தாள்.

"அதால தேய்க்காத!"

கதிரை பின்னுக்குச் சரிந்து விழுந்த சத்தத்தை நிரஞ்சலா பிறகுதான் கேட்டாள். தாச்சி அவள் கைக்கு வந்துவிட்டிருந்தது. ரக்ஷனா நுரை படிந்த கைகளோடு ஓரடி பின்னால் நின்றாள்.

"ஏன்?"

"அது மச்ச ஸ்பொஞ்ச்."

சொன்ன பிறகு இருவரும் தாச்சியைப் பார்த்தார்கள். அடியில் சீஸோடு இரண்டு மூன்று துண்டு மாட்டிறைச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. நிரஞ்சலா ஏதாவது சொல்லித் திருத்த நினைத்தாள், சிரிக்கப் பார்த்தாள். பிள்ளை கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். கைகளை ஜீன்ஸில் துடைத்தாள். முன்னமே கேள்விப்பட்டிருந்த ஒன்றை நேரில் பார்த்துவிட்டவளின் அமைதி அந்த முகத்தில் இருந்தது.

"சரி, நீங்களே கழுவுங்கோ" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதவு மெல்லச் சாத்துப்பட்டது. கொஞ்ச நேரத்தில் தொலைபேசியில் கதைக்கிற சத்தம் கேட்டது. நிரஞ்சலா தண்ணீரை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். "ஓம் அப்பா" என்றது குரல். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னுமொரு "ஓம்." எந்தக் கேள்விக்கு அந்த ஓம் என்று தெரியவில்லை. அறிய விருப்பமில்லாதவள் மாதிரி அவள் மறுபடியும் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

பச்சை ஸ்பொஞ்சை எடுத்தாள், வைத்தாள். நீலத்தை எடுத்தாள், அதையும் வைத்தாள். கடைசியில் வெறுங்கையாலும் நகத்தாலும் சுரண்டித் தேய்த்தாள். விரல் சிவக்கும் வரை சுடுதண்ணீரில் கழுவினாள். தாச்சி பளிச்சென்றாகிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கத்து அலுமாரிக்கு இரண்டு அடி வைத்தாள், நின்றாள். கதவுப் பக்கத்து அலுமாரியைத் திரும்பிப் பார்த்தாள். நடுக்குசினியில் அப்படியே நின்றாள். தாச்சியில் இருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவள் காலுறையில் விழுந்து ஊறிக்கொண்டிருந்தது.