வாப்பாவின் முள்ளந்தண்டு

முர்ஷிதா எலும்பு படிக்கிறாள் என்று கேள்விப்பட்ட நாளில் இருந்து, அவர்கள் குடியேறியிருந்த அஜின்கோர்ட்டில் தெரிந்தவர்கள் எல்லாம் அவளை எலும்பு டொக்டர் ஆக்கிவிட்டார்கள். பெருநாள் விருந்தில்கூட சுபியான் அங்கிள் தன் முழங்கால் எக்ஸ்ரேயை ஃபோனில் காட்டினார். தான் பார்ப்பது எண்ணூறு வருடங்களுக்கு முன் செத்தவர்களின் எலும்பு என்று அவள் விளக்கினாள். ஐரோப்பாவில் ஒரு பழைய மடத்துக் கல்லறையில் இருந்து பல்கலைக்கழகத்துக்கு இரவலாக வந்த எலும்புக்கூடுகளில் காசநோயின் தடயம் தேடுவதுதான் அவளுடைய முதுகலை ஆய்வு.

“செத்த ஆளுக்கு வருத்தம் கண்டுபிடிக்கிறாய், எனக்குக் கண்டுபிடிக்க மாட்டியோ?” என்றார் அங்கிள்.

அவருக்கு மறுத்துவிட்டாள். வாப்பாவுக்கு மறுக்க முடியவில்லை.

அவளுடைய வாப்பா ஹுஸைன் இருபத்தாறு வருடமாக வீடுகளுக்கு டைல் பதிப்பவர். ஆறு மாதமாக முதுகுவலி. குனிந்து செய்கிற வேலையின் விளைவு என்று குடும்ப வைத்தியர் மாத்திரை கொடுத்தார். வலி போகவில்லை, எடைதான் போனது. கடைசியில் ஸ்கான் எடுத்தார்கள். படங்களைப் பார்க்கும் லிங்க் ஒரு சனிக்கிழமை காலை அவருடைய ஃபோனுக்கு வந்தது. வைத்தியரைச் சந்திக்க இன்னும் பதினொரு நாள் இருந்தது. ஃபோனை மகளிடம் நீட்டினார்.

சமையலறை மேசையில் இடியப்பத் தட்டை ஒதுக்கிவிட்டு, முர்ஷிதா லாப்டொப்பில் படங்களைத் திறந்தாள். முதுகின் நடுவில் இரண்டு முள்ளெலும்புகள் ஓரம் கரைந்து, உள்ளே அரிக்கப்பட்டுக் கிடந்தன. முந்தைய கிழமை விரிவுரையில் புற்றுநோய் என்று காட்டிய எலும்புகளும் இப்படித்தான் இருந்தன.

“என்ன மகள் இருக்கு?”

“கேன்சர், வாப்பா. வேறை எங்கையோ தொடங்கி எலும்புக்கு வந்திருக்கு.”

ஆய்வுகூடத்தில் குறிப்புச் சொல்லும் அதே குரலில் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான், எதிரில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. அவளுடைய மேசையில் கிடப்பவர்கள் எதையும் கேட்பதில்லை. உம்மா ஜலீலா அடுப்பை நிறுத்தினார். வாப்பா தட்டில் மிஞ்சியிருந்ததைச் சாப்பிட்டு முடித்தார்.

அழுகை பிறகு வரும் என்று முர்ஷிதா நினைத்தாள். பஸ்ஸில் வரவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காத்திருந்தும் வரவில்லை. பதிலாக வேறொன்று வந்தது. சாப்பிடும்போது வாப்பாவின் முகத்தைப் பார்த்தால் தாடை எலும்பு தெரிந்தது. சட்டைக் கழுத்துக்குள் காறை எலும்பு தெரிந்தது. ஆண், வயது ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையில் என்று மனம் தானாகவே படிவம் நிரப்பியது. அவள் அதைத் தடுக்கவும் இல்லை.

குடும்ப வைத்தியர் ஸ்கானைப் பார்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்த நிபுணர், ஊசியால் எலும்பில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது, பல நோய்கள் இப்படித் தெரியும் என்றார். திகதியும் கொடுத்தார்.

வாப்பா போக மாட்டேன் என்றுவிட்டார்.

ஊசி குத்தினால் பரவும் என்று சுபியான் அங்கிள் யாரோ ஒருவரின் கதையைச் சொல்லியிருந்தார். ஆனால் வாப்பாவுக்கு அதுகூட முக்கியமில்லை. என்ன நோய் என்றுதான் மகள் பார்த்துச் சொல்லிவிட்டாளே, இனி எதற்குக் குத்த வேண்டும் என்பதுதான் அவருடைய பேச்சு. இருக்கிற நாளைக் குத்துப்படாமல் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். வேலைச் சாமான்களைக் கூட்டாளி ஒருவருக்குக் கொடுத்தார். உம்மா அழுது பார்த்தார். அண்ணன் ரில்வான் வேலைக்கு லீவு போட்டு வந்து கெஞ்சினான். கடைசியில் தங்கையிடம் வந்தான்.

“நீ சொன்னதாலைதான் அவர் போறார் இல்லை. நீயே போய்ச் சொல்லு.”

முர்ஷிதா போகவில்லை. தான் பார்த்தது சரி என்றே நம்பினாள்.

ஊசிக்கு மூன்று நாள் இருந்தபோது, ஆய்வுகூடத்தில் அவளோடு படிக்கும் நிலாணி, ஒரு முள்ளந்தண்டைப் படம் எடுக்க அடுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாக எல்லோரும் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டியபடி வரிசையாக வைப்பார்கள். இடையில் இருக்கும் மெத்தை போன்ற தட்டுகள் மண்ணுக்குள் எப்போதோ உக்கிப்போயிருக்கும். நிலாணி அன்றைக்கு ஒவ்வொரு எலும்புக்கும் இடையில் ஸ்பொஞ்சுத் துண்டு வெட்டி வைத்திருந்தாள். உயிரோடு நிற்கும்போது முதுகு எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காம்.

முர்ஷிதா ஸ்பொஞ்சையே பார்த்தாள். பிறகு லாப்டொப்பைத் திறந்தாள்.

வாப்பாவின் அந்த இரண்டு எலும்புகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு வருடமாக ஒட்டிய எலும்புகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பிழையாகவே தெரியவில்லை. மேலும் கீழும் மற்ற எலும்புகளுக்கு இடையில் இடம் இருந்தது. இங்கே மட்டும் தட்டு அழிந்துவிட்டது. புற்றுநோய் பெரும்பாலும் தட்டை விட்டுவைக்கும். காசநோய்தான் அதையும் தின்னும். இதை அவளே தன் ஆய்வின் முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தாள்.

நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. லாப்டொப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வாப்பா சோபாவில் சாய்ந்திருந்தார். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

“வாப்பா, நான் பிழையாப் பாத்திட்டன் போல.”

“ரில்வான் சொல்லச் சொன்னவனோ?”

“இல்லை. காசநோயா இருக்கலாம். அது மருந்துக்குச் சுகமாகும். ஆனா அதையும் நம்பாதேங்கோ. நான் பாத்த ஆக்கள் ஒருத்தரும் எழும்பி வந்து, பிள்ளை நீ சொன்னது பிழை எண்டு சொன்னதில்லை. நான் சரியா பிழையா எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்கே தெரியாது.”

வாப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப நான்தான் முதல் ஆளோ?” என்று கேட்டார்.

“ஓம். போய் ஊசியைப் போடுங்கோ. போட்டாத்தான் தெரியும்.”

“உன்ரை படிப்புக்கு என்ரை முதுகைக் குத்த வேணும்,” என்றார். ஆனால் திகதி எப்போது என்று உம்மாவிடம் கேட்டார்.

முடிவு வந்தது. காசநோய். சிறு வயதில் ஊரில் தொற்றிய கிருமி இவ்வளவு காலமும் உடம்புக்குள் உறங்கிக் கிடந்திருக்கலாம் என்றார் நிபுணர். ஒரு வருடம் மாத்திரை. வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உம்மா ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே நெற்றி நிலத்தில் பட ஸுஜூது செய்யப் போனார். ரில்வானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“உன்ரை தீசிஸே உதுதானேடி,” என்றான்.

முர்ஷிதாவும் சிரித்தாள், சிரிக்க வேண்டிய இடம் என்பதால்.

உம்மா ரில்வானோடு போக, வாப்பா அவளுடைய காரில் ஏறினார். ஷெப்பர்ட் வீதிக்கு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ரெண்டு மாசமா நீ என்னைக் குளிப்பாட்டிக் கிடத்தின மய்யித்தைப் பாக்கிற மாதிரிப் பாத்தாய்,” என்றார்.

“ஓம் வாப்பா.”

“இப்ப?”

சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். முதலில் தெரிந்தது காறை எலும்பு. பொய் சொல்லலாமா என்று யோசித்தாள்.

“இன்னும் அப்பிடித்தான் தெரியுது. கொஞ்ச நாள் செல்லும்.”

வாப்பா தலையை ஆட்டினார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

“எனக்கும் ஒரு வருசம் எண்டுதானே சொன்னவங்கள்,” என்றார். “மருந்தெடுக்கப் பாமஸிக்குத் திருப்பு.”