ஐயாயிரத்து அறுநூறு மைல் குறைகிறது

1

விடுபட்ட மைல்களை விமான நிறுவனத்திடம் கேட்டு வாங்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்.' ஐந்நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது. அதில் அடங்காமல் வெளியே வழிந்ததுதான் இந்தக் கதை.

எழுதினேன் என்பது சும்மா. பேசினேன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன் கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும். போனில் மைக்கை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். வீட்டுக்கு எல்லாமே இப்படித்தான் அனுப்புகிறேன். [பிறகு விடுமுறை நாளில் உட்கார்ந்து 'ம்', 'அப்புறம்', இருமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஓரிரண்டு தப்பியிருக்கலாம்.]

முதலில் 'நான்' என்றுதான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே மைக்கை விட்டுவிட்டேன். 'அவன்' என்று மாற்றியதும் பேச்சு ஓடியது. ஆகவே, அவன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: கடல் தாண்டிப் பறந்து வந்த பறவையைப் போல அவனுடைய அம்மா —

இல்லை. அம்மா பறவை இல்லை. எழுபது கிலோ.

இரண்டாம் முயற்சி: விமானத்தில் போகிற தூரத்தை நிறுவனம் மைல்களாகப் பயணியின் கணக்கில் ஏற்றும். நாற்பதாயிரம் சேர்ந்தால் ஒருவர் இலவசமாக வந்து போகலாம். ஓராண்டுவரை அந்தக் கணக்கில் மைல் ஏறாமலும் இறங்காமலும், அசைவே இல்லாமல் கிடந்தால் அத்தனையும் அழிந்துவிடும். அவனும் அம்மாவும் சேர்ந்த குடும்பக் கணக்கில் முப்பத்து நாலாயிரத்து நானூறு இருக்கிறது.* போன ஆண்டு அம்மா இந்த நாட்டுக்கு வந்த பயணம் ஏறியிருக்கிறது. திரும்பிய பயணம் ஏறவில்லை. அது ஐயாயிரத்து அறுநூறு. கூட்டினால் சரியாக நாற்பதாயிரம்.

அவனால் ஊருக்குப் போக முடியாது. தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறான். பதில் வரும்வரை வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். எப்போது வரும் என்று கேட்டால், 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரியைப் பதினான்கு மாதமாகச் சொல்கிறார்கள். அம்மாவைப் பார்க்க ஒரே வழி, அம்மா வருவது.

கணக்கு வருகிற வியாழக்கிழமையோடு காலாவதி.

(* கணக்கு அம்மா பெயரில். மூத்தவர்களுக்கு ஆயிரம் மைல் கூடுதலாகத் தருவார்கள் என்று அவன்தான் அப்படிப் போட்டான். கெட்டிக்காரன்.)

3

அம்மா திரும்பிப் போன நாளுக்கு வருகிறேன். காலை ஒன்பது மணி விமானம். அவன் டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டிருந்தான்.

"எனக்கென்னடா கேடு? ரெண்டு மாடி ஏறித் துணி காயப்போடுறவ நான்."

"காலுக்கு இல்லம்மா, பாஷைக்கு. எந்த கேட்டுன்னு யாருகிட்ட கேப்ப? வீல்சேர்னா அவங்களே தள்ளிட்டுப் போயி சீட்ல உக்கார வச்சுருவாங்க."

"நல்லா இருக்கிறவளை நொண்டியாக்கிட்டியே."

"நீ பாட்டுக்கு எந்திரிச்சு நடந்துறாதம்மா. நடப்பேன்னு தெரிஞ்சா அடுத்த தடவை தரமாட்டாங்க. யார் என்ன சொன்னாலும் உக்காந்தே இரு."

வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. விமான நிலையத்தில் பாருங்கள், வரிசையாக வீல்சேர். அத்தனையிலும் கல்லுக்குண்டு மாதிரி அம்மாக்கள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குமுன் அவள் போனிலிருந்த உள்ளூர் சிம்மை அவன் கழற்றிக்கொண்டான். இனி அவளுக்கு எதற்கு? அவள் திரும்பிப் பார்க்க முடியாமல் கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். அவனும் ஆட்டினான். பிறகு வேலைக்குப் போனான். ஒரு துணிக்கடையில் லிஃப்ட் நடுவில் நின்றிருந்தது. அதன் கூரைமேல் உட்கார்ந்து அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை மதியம் பிரித்தான், மூடி வைத்தான், மறுபடி பிரித்தான்.

4

போன வாரம் விமான நிறுவனத்துக்குப் பேசினான். தமிழுக்கு ஐந்தை அழுத்தினான்.

"சார், அந்த விமானத்துல அந்தப் பயணி ஏறலையே."

"ஏறலையா? நான்தாங்க ஏத்தி விட்டேன்."

"எதுவரைக்கும் சார் போனீங்க?"

"கண்ணாடிக் கதவு வரைக்கும்."

"அதுக்கப்புறம் ஏறலை சார். சாயந்தரம் ஆறு மணிக்கு வேற கம்பெனி விமானத்துல மாத்தி அனுப்பியிருக்காங்க. அதனால எங்க மைல் வராது."

"ஒன்பது மணி நேரம் அவங்க எங்க இருந்தாங்க?"

"அது எங்க கணினியில இருக்காது சார்."

போனில் பேசியவள் நல்லவள். போனை வைக்குமுன் ஒரு வழியும் சொன்னாள். ஐந்நூறு மைலை யாருக்காவது மாற்றினால்கூட அசைவுதான். மீதி இன்னும் ஓராண்டு உயிரோடு இருக்கும். ஆனால் மாற்றுவதற்கு, கணக்கு யார் பெயரிலோ அவர் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அதைச் சொல்ல வேண்டும்.

5

"அக்கா, அம்மா அன்னைக்கு ஃப்ளைட்டை விட்டுட்டாங்களா?"

அக்கா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. "யார்றா சொன்னா?"

"கம்பெனிக்காரி."

"அவளுக்கு வேற வேலை வெட்டி இல்லையா?"

"நடுவுல இறங்குற ஊர்ல லேட்டுன்னு நீ சொன்ன."

"அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னா, சொன்னேன். எவனோ ஒருத்தன் தள்ளிட்டுப் போயி தூணோரமா விட்டுட்டுப் போயிட்டான். எல்லாரும் ஏறுறாங்க, இவ உக்காந்தே இருக்கா. எந்திரிக்கக் கூடாதுன்னு நீ சொன்னியாம்."

"எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே. ஒரு மணி நேரத்துல வந்திருப்பேன்."

"உன் புது நம்பர் அவளுக்கு மனப்பாடம் இல்ல, நீ கழற்றுன சிம்லதான் இருந்துச்சாம். யாரோ ஒரு பொண்ணு போன்லேர்ந்து எனக்குத்தான் பேசினா. நான் உனக்குப் போடுறேன்னேன். வேணாம்னு சத்தியம் வாங்கிட்டா. லீவு போட்டதுக்கே சூப்பர்வைசர் கத்தினானாமே."

"அவ்வளவுதானா?"

"ஒருதடவை கையாட்டிட்டான், பிள்ளையை மறுபடி ஆட்ட வைக்காதேன்னா. போதுமாடா?"

6

இந்த இடத்தில்தான் கதை மூன்று நாள் நின்றுபோனது. அந்த ஒன்பது மணி நேரம் என்னிடம் இல்லை.

ஒரு பிரதியில் அம்மாவைத் தூங்க வைத்தேன். பொய். புது இடத்தில் அம்மா கண்ணை மூடமாட்டாள், கைப்பை போய்விடும் என்று.

இன்னொன்றில், வரிசை நகர்வதையும் கதவு சாத்துவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எழுந்தால் பிள்ளை பொய் சொன்னது தெரிந்துவிடும், அவன் மானம் போகும் என்று உட்கார்ந்திருக்கிறாள். இது அம்மா மாதிரி இருக்கிறது. என்னால் இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை.

மூன்றாவதில், அவளுக்குப் போக மனமே இல்லை. விமானம் போகட்டும் என்றுதான் —

[இதை அழிக்க வேண்டும். அழிக்கவில்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்பதால் இதை நம்பாதீர்கள்.]

ஒன்று மட்டும் உறுதி. அன்று மாலை ஆறுவரை அவர்கள் இருவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். அவன் அவளைக் கடலுக்கு மேலே தேடிக்கொண்டிருந்தான். போன் வரைபடத்தில் ஒரு குட்டி விமானம் நகர்ந்துகொண்டிருந்தது. அதில் அவள் இருக்கை காலி.

இப்போது வரச் சொன்னால் அம்மா, "முட்டி வலிக்குதுடா, அவ்வளவு தூரம் எதுக்கு?" என்கிறாள்.

7

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். அவன் கடன் வாங்கி டிக்கெட் எடுத்துவிட்டு, 'மைல் வந்துடுச்சும்மா' என்று சொல்வது ஒன்று. அம்மா வர மறுப்பது இன்னொன்று. எதை வைப்பது என்று உங்களிடமே கேட்கலாம் என்றிருந்தேன். மன்னியுங்கள், அதை வேறு ஒருவரிடம் கொடுக்கிறேன்.

அக்கா, அம்மாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது. நான் அனுப்புவதையெல்லாம் நீதான் உரக்க வாசிக்கிறாய். மூன்றாம் பகுதியோடு நிறுத்தினால், 'இவனுக்குப் பேச்சுக்குக் குறைச்சலே இல்ல' என்று சிரிப்பாள், அந்த ஆறு இலக்க எண்ணையும் சொல்லிவிடுவாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்ற நிம்மதியும் அவளுக்கு மிஞ்சும். ஓராண்டு கிடைக்கும். அவள் வருவாளா என்பது கிடைக்காது.

கடைசிவரை வாசித்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து உள்ளே போய்விடலாம். என்னைத் திட்டலாம். தூணோரம் என்ன நினைத்தாள் என்று முதல்முறையாகச் சொல்லலாம். வாசித்தால் இதையும் வாசி: அடுத்த தடவை வீல்சேர் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் எழுந்து நடக்கலாம்.

வியாழன் பகல் உங்கள் நேரம் பன்னிரண்டுக்கு அம்மா போனுக்கு அந்த எண்ணை அனுப்பும்படி விமான நிறுவனத்திடம் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடம்தான் செல்லும். அதற்குள் நீ எந்த வரிவரை வந்திருப்பாயோ எனக்குத் தெரியாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, அம்மா சொல்லப்போகும் முதல் இலக்கத்துக்காக உட்கார்ந்திருப்பேன். எண் இல்லாமல் வேறு ஏதாவது சொன்னாலும் குறுக்கே பேசமாட்டேன்.