ஒரு பெயரைத் தாண்டிய மோரிபா

மோரிபா கமிசோகோ ஒரே ஒரு பெயரைப் பாடாமல் தாண்டியதால் துங்காரா வீட்டார் அத்தனை பேரும் தரையிலிருந்து ஒரு சாண் மேலே போய்விட்டார்கள். எங்கள் கீத்தா ஊரில்தான் நடந்தது, கடலை பிடுங்கி முடித்த கல்யாணக் காலத்தில்.

மோரிபா ஜெலி குலம். அடுத்த வீட்டு வம்சத்தைப் பாடுவதுதான் ஜெலிகளின் பிழைப்பு. தவழும் வயதில் ங்கோனி வாத்தியத்தின் தோலைத் தட்டினார், மீசை அரும்பியபோது அதன் நாலு தந்தியும் அவர் சொன்னதைக் கேட்டன, பிரெஞ்சுக்காரர்களின் கொடி இறங்கிய வருடம் பமாக்கோ ரேடியோவில் அவர் குரல் வந்தது. அவர் பாடாத கல்யாணத்தை ஊர் பாதிக் கல்யாணம் என்றது. ஜெலிக்கு ஒரு கட்டு உண்டு. முன்னோரின் பெயரைச் சொன்னால் அவர் செய்ததையும் சொல்லியாக வேண்டும், நல்லதோ கெட்டதோ. துங்காரா வம்சத்தில் தங்கோ என்றொருவர், பஞ்சத்தில் சொந்தத் தம்பியை உப்பு வியாபாரிகளிடம் கொடுத்துக் குதிரை வாங்கியவர். மகள் சிராவின் கல்யாணத்துக்கு முன் ஃபோதே துங்காரா மோரிபாவுக்கு ஒரு காளையை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"ஜெலி, சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாம் உக்காந்திருப்பாங்க. அந்த ஒருத்தரை மட்டும் தாண்டிப் போயிடுங்க."

பொய் சொன்னால்தானே தப்பு, பேசாமல் விடுவதில் என்ன என்று மோரிபா நினைத்தார். தாண்டினார். விடிந்தபோது ஃபோதே செருப்புக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தார். புருஷன் வீட்டில் சிரா கம்பு குத்தினால் உலக்கை உரலுக்கு எட்டவில்லை. வம்சத்தின் நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே இருப்பவர்களைத் தரையோடு பிடித்துவைக்க என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டு நியேலே குலிபாலி குலத்துப் பெண். துங்காராக்களுக்கும் குலிபாலிகளுக்கும் கேலிமுறை, ஒருவரையொருவர் என்ன பேசினாலும் கோபப்படக் கூடாது.

"ஏ அவரைக்கொட்டை தின்னி! எத்தனை சட்டி தின்னே? வயித்துல காத்து ஏறித் தூக்கிட்டுப் போகுது பாரு!"

"என் அடிமைதானே நீ, வந்து காலைப் பிடிச்சு இழு!" என்றார் ஃபோதே. ஊர் சிரித்தது, பிறகு பழகியது. ஆனால் மோரிபாவை யாரும் கூப்பிடவில்லை. எங்கள் வம்சத்தில் யாரை விடுவாரோ என்று எல்லோருக்கும் பயம். ரேடியோவும் மறந்தது. அவர் கடலை பயிரிட்டார். ங்கோனியை எடுத்தால் விரல் ஓடும், வாய் திறக்காது. தானாகப் போய்ப் பாடவும் முடியாது. கூப்பிடாத வாசலில் ஜெலி வம்சம் பாடுவதில்லை.

பிறகு சிராவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் கூரைக்குப் போனது. இறக்கி, துணியால் கட்டிலோடு கட்டினார்கள். பெரியவர்கள் ஒரு சாணோடு நின்றார்கள். குழந்தைக்கு அந்தக் கனம்கூட இல்லை. கட்டு ஒவ்வொரு நாளும் இறுகியது, குழந்தை பால் குடிக்க முடியாமல் அழுதது. பெயர் சூட்டும் நாளுக்கு முன் சிரா மோரிபாவுக்குக் கோலாக் கொட்டை அனுப்பினாள். அதுதான் அழைப்பு. ஃபோதே ஓடிவந்தார்.

"என் வாசல்ல அந்தப் பேர் விழக் கூடாதும்மா!"

"இது உங்க வாசல் இல்லப்பா. என் மாமியார் வாசல். உக்கார முடிஞ்சா உக்காருங்க."

சபை கூடியது. மோரிபா முதலில் தன் தப்பைச் சொன்னார், காளையையும் சொன்னார். பிறகு பாடினார். தங்கோவின் பெயர், பஞ்சம், குதிரை. விற்கப்பட்ட தம்பியின் பெயரையும் பாடினார்: ஞான்கோய். அந்தப் பெயரை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை. சம்பந்திகள் தலை குனிந்தார்கள், யாரும் எழுந்து போகவில்லை. துங்காராக்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நாளாயிற்றல்லவா, மணல் சுடுகிறது என்று சிலர் அழுதார்கள். சிரா கட்டை அவிழ்த்தாள். குழந்தை அவள் மடியிலேயே கிடந்தது. அவனுக்கு ஞான்கோய் என்றே பெயர் வைத்தார்கள்.

ஃபோதே மட்டும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார், அதனால் மேலேயே நின்றுவிட்டார். மோரிபாவை மறுபடி எல்லா வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். எதையும் தாண்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பேரனை ஃபோதே வருடக்கணக்கில் "டேய்" என்றுதான் கூப்பிட்டார். ஒரு மழைக்காலம் பையன் நிரம்பிய கிணற்றோரம் வழுக்கினான். "ஞான்கோய்!" என்று அவர் அலறினார். அந்தக் கணமே அவருடைய வலது கால் சேற்றில் ஊன்றியது, பையனைப் பிடித்துவிட்டார். தங்கோவின் பெயரை அவர் இன்னும் சொல்லவில்லை, இடது கால் இன்றும் மேலேதான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கேட்டால், அவர் கொஞ்சம் நொண்டி என்று சொல்லிவிடுகிறோம்.