திட்டினாலும் கணக்கு

ஜெகதீசன் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு எதிரெதிரே உட்கார வைத்தார். செம்பரம்பாக்கம் பக்கம் கிடங்குக்கென்று வாங்கிய மனையில் பார்மசி காலேஜ் கட்டித் தாளாளரானவர் அவர். நேர்காணலும் அவருக்கு மனை பேசி முடிப்பது மாதிரிதான்.

காலியாகியிருந்தது மருந்து வேதியியல் துறைத்தலைவர் பதவி. அது மஹீராவுக்கு வேண்டியிருந்தது, சம்பளத்துக்காக மட்டுமல்ல. புற்றுநோய்க்கு மருந்து என்று, அதே பதவிக்காக இப்போது எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் இருதயராஜ் என்றைக்கோ எழுதிய ஒரு பொருளின் மேல், இன்றைக்கும் வருஷா வருஷம் ஆராய்ச்சிப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டிருந்தார். தலைவரானால் முதல் வேலையாக அதை இழுத்து மூடிவிடுவது என்று வைராக்கியமாக இருந்தாள்.

"சாரோட ஆராய்ச்சிய எத்தினி பேரு மேற்கோள் காட்டிக்கீறாங்க?"

"முன்னூத்திப் பன்னெண்டு சார்," என்றார் இருதயராஜ்.

"மேடம், உங்கள்து?"

"பதினொண்ணு சார்."

"பதினொண்ணா? நான் வாட்ஸப்புல காலை வணக்கம் போட்டாலே அதுக்கு மேல வரும் மேடம்!"

இருதயராஜ் குலுங்கிச் சிரித்தார். "விடுங்க சார், என்கிட்ட படிச்ச பொண்ணுதான். கை சுத்தம். மூளைதான் கொஞ்சம் லேட்டா வேலை செய்யும்."

தலையில் நரை விழுந்துவிட்ட அந்தப் பொண்ணு பையிலிருந்து தாள்களை எடுத்தாள்.

"அந்த முன்னூத்திப் பன்னெண்டு பேரும் என்ன எழுதியிருக்காங்கன்னு படிக்கட்டுமா சார்?"

"படிங்க, கேப்போம்."

"ஜப்பான்காரங்க: 'இருதயராஜ் சொல்லும் முடிவு தவறு.' பிரேசில்ல: 'செய்து பார்த்தோம், ஒரு செல்கூடச் சாகவில்லை.' முக்கால்வாசி இப்படித்தான் சார். காரணத்தை நான்தான் கண்டுபிடிச்சேன். அந்த மருந்தைத் தயாரிக்கறப்ப துத்தநாகம் சேர்ப்பாங்க. சார் அதைச் சரியா பிரிச்சு எடுக்கல. செல்லைக் கொன்னது மிச்சம் ஒட்டியிருந்த அந்தத் துத்தநாகம். அதை எடுத்துட்டா இது வெறும் மாவு. மூணு வருஷம் உழைச்சு அதைக் கட்டுரையா போட்டேன்."

இருதயராஜின் காது மடல் சிவந்தது. மஹீரா மனசுக்குள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டாள்.

ஜெகதீசன் மோவாயைச் சொறிந்தார். "ஒரு டவுட்டு மேடம். இப்டி திட்னாலும் கணக்குல ஏறுமா?"

"ஏறும் சார். ஆனா..."

"காலேஜுக்குத் தரம் பாக்க வர்றவங்க திட்னத தனியா கழிப்பாங்களா?"

"இல்ல சார். அவங்க எண்ணிக்கைதான்..."

"நீங்க எழுதினிங்களே, அது?"

மஹீரா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "அதுவும் ஏறிச்சு."

காது மடல் ஆறிவிட்ட இருதயராஜ் முன்னால் சாய்ந்தார். "மேடத்தை மேற்கோள் காட்டின பதினொரு பேரும் என்னையும் போட்டாங்க சார். எதைத் தப்புன்னு சொல்றோம்னு காட்டியாகணுமே!"

"அட, ஊட்ல படுத்துகினே சம்பாதிக்கறாரு மனுசன்!" ஜெகதீசனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாடி மேம்பாலத்தாண்ட பேனரு வெச்சிடலாம். முன்னூத்திப் பன்னெண்டுன்னு. திட்டா பாராட்டான்னு பஸ்ல போறவன் எறங்கி வந்து கேக்கப் போறானா?"

"சார், பிள்ளைங்க வாழ்க்கை வீணாப் போகுது..."

"போவட்டும் மேடம். அவங்களும் தப்புன்னே எழுதட்டும். எழுதினா ஏறுதில்ல?" நியமன உத்தரவில் கையெழுத்தைப் போட்டுப் பேனா மூடியைத் திருகினார். "தலைவரு சாருதான். மேடம், நீங்க வருசத்துக்கு எத்தினி திட்டு எழுதுவீங்க? ரெண்டு?"

மஹீரா தாள்களைப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

"முடியாதுன்னா சொல்லிடுங்க. நோட்டீசு குடுத்துட்டு வேற ஆளப் பாத்துக்கறேன். திட்றதுக்கு ஊர்ல ஆளா இல்ல?"

"ரெண்டு எழுதறேன் சார்."

இருதயராஜ் எழுந்து அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷத்துக்கு ஒண்ணுன்னு இழுக்காதம்மா. எப்பப் பாரு அந்த ஒண்ணையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. என்னோட மத்த கட்டுரைங்களையும் எடுத்துப் பாரு. அதுலயும் நெறைய தப்பு இருக்கு."