பத்தாவது ஊசி

கிழக்கு வெளுக்கும்போது சல்லடை பிடித்தாக வேண்டும். டெல்லிக்குள் இருந்த எங்கள் மதராசி கேம்ப் குடிசைகளை இடித்து எங்களை ஊர்க்கோடி நரேலாவுக்குத் துரத்தியதிலிருந்து, நாலு மணிக்கே பஸ்ஸுக்கு ஓடுகிறோம். கிடங்கில் அரிசித் தூசி மூக்கை அடைக்கும், இடுப்பு விட்டுப்போகும்.

சலித்த பொன்னியை ஐந்து கிலோ பிளாஸ்டிக் பையில் கொட்டி, வாயைச் சூடு வைத்து ஒட்டி, கோணி ஊசியால் இரண்டு குத்து. காற்று போனால்தான் பை உப்பாமல் அடுக்க வரும். முதலாளி ஜெயகிருஷ்ணனின் சிக்கனம் அது. மழைக்காலத்தில் அந்தத் துளை வழியாக வண்டு புகுந்தது. மயூர் விஹார் கடைகளுக்குப் போன பைகள் திரும்பி வந்தன.

"துளை வேணாம் மொதலாளி, காத்துப் புகாத கெட்டிப் பையா வாங்குங்க" என்றாள் காமாக்ஷி. கேம்பில் எனக்கு அடுத்த வீடு, இங்கே அடுத்த சல்லடை.

"அதோட விலை தெரியுமா உனக்கு? மாத்திரை வெச்சா பூச்சி தன்னால சாவும்."

பின்னறையில் பைகளைத் தார்ப்பாயால் மூடி விஷ மாத்திரை வைத்தார்கள். அதன் விஷப்புகை அடங்க ஒரு வாரம் யாரும் உள்ளே போகக்கூடாது. மூன்றாம் நாளே கரோல் பாக் கடைக்குச் சரக்கு கேட்டார்கள். "ஜல்தி, பத்துப் பை எடுத்துட்டு வா" என்று முதலாளி காமாக்ஷியை உள்ளே அனுப்பினார். வெளியே வந்து வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் என் மடியிலேயே உயிர் போயிற்று.

வண்டுக்கு வழிவிட்ட துளைகளில் எத்தனையோ நான் போட்டவை. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் போய் இன்று பதினோராம் நாள்.

"அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலியாம். வேலையைப் பாருங்க" என்றார் முதலாளி.

"எங்க காமாக்ஷி அக்காவுக்கு ஒரு வலியும் கெடையாது. நீங்க அனுப்புனீங்க, அவங்க போனாங்க" என்றாள் எங்களோடு சலிக்கும் சுபாஷிணி.

நான் ஒரு பையை ஒட்டினேன், குத்தவில்லை. உப்பிய பை அடுக்கிலிருந்து சறுக்கி விழுந்தது. சுபாஷிணியும் குத்தவில்லை. அடுத்தடுத்து எல்லாருடைய பைகளும் உருண்டன.

"துளை போடுங்கடி! இல்லேன்னா நாளைக்கு வேற ஆளு!"

"போட மாட்டோம். கெட்டிப் பை வரணும். மாத்திரை வெச்ச எடத்துக்குள்ள இனி யாரும் போக மாட்டோம். அவ எப்படிச் செத்தான்னு எழுதிக் குடுங்க" என்றேன்.

மூட்டை தூக்கும் பீஹார்க்காரர்களுக்கு எங்கள் தமிழ் புரியாது. காமாக்ஷி பெயர் புரிந்தது. முதுகிலிருந்த மூட்டைகளை இறக்கிவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்கள்.

ஒன்பது பெண்கள், மேசையில் பத்து ஊசி வைத்தோம். பத்தாவதில் காமாக்ஷி அடையாளத்துக்குக் கட்டிய சிவப்பு நூல் இருந்தது. முதலாளி அதைத் தொடவில்லை, போலீசுக்குப் போன் போட்டார்.

வாசலில் உட்கார்ந்தோம். சுபாஷிணி டிபனைத் திறந்து நடுவில் வைத்தாள். எல்லாரும் கை நீட்டினோம். எனக்கு இன்று ஒரு வாய் இறங்கியது.