முன்வீட்டுத் தண்ணீர்

அந்த வருஷம் ஒக்லாந்தில் மே மாதத்தோடு குளிர்காலம் பிறந்ததிலிருந்து சுகந்தினி வீட்டில் குளிப்பு ஒரு சண்டைக்குரிய விஷயமாகிவிட்டது.

அவளுடைய புருஷன் கேதீஸ்வரனுக்கு மங்கரேயில், விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கொன்றில் இரவு வேலை. விடியப்புறம் வீட்டுக்கு வந்து, உடம்பில் ஏறிய குளிரும் அட்டைப்பெட்டித் தூசும் போகும்வரை சுடுதண்ணீருக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். சிகரெட் இல்லை, குடி இல்லை, இது ஒன்றுதான் அவனுக்குச் சுகம். முன்பெல்லாம் சுகந்தினியும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. தண்ணீர் பில் ஏறத் தொடங்கின பிறகுதான் அவள் காது குளியலறைப் பக்கம் போக ஆரம்பித்தது.

முதல் பில்லைக் கண்டபோது இது தண்ணீர் நிறுவனம் உத்தேசமாகப் போட்ட கணக்கு, அடுத்த மாதம் சரிவரும் என்று நினைத்தாள். அடுத்த மாதம் ஆள் வந்து மீட்டரைப் பார்த்துத்தான் பில் போட்டிருந்தார்கள். அது இன்னும் கூட. வீட்டுக்கடன் வட்டி ஒரு பக்கம், கரண்ட் ஒரு பக்கம், இப்போது தண்ணீருமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறைவாகத் தண்ணீர் விடும் ஷவர் ஒன்றை வாங்கிப் பூட்டினாள். வாஷிங் மெஷின் நிரம்பாமல் அதை ஓடவிடக் கூடாது என்று சட்டம் போட்டாள். அரிசி கழுவிய தண்ணீர் மிளகாய்க் கன்றுகளுக்குப் போனது. பில் அசையவில்லை.

"ஐ ஜஸ்ட் வாஷ்ட் மை ஹேர், அம்மா. இட்ஸ் நாட் எ க்ரைம்!" என்று மகள் ராகவி ஈரத்தலையோடு கத்திவிட்டு அறைக்கதவைச் சாத்தினாள்.

கேதீஸ்வரன் கத்தவில்லை. அது அவன் சுபாவம். ஒருநாள் விடிய சுகந்தினி குளியலறைக் கதவைத் தட்டி, "இஞ்சேருங்கோ, காணும், வாங்கோ" என்றபோது உடனே பைப்பை நிறுத்திவிட்டு வந்தான். ஒரு காதில் சவர்க்கார நுரை அப்படியே இருந்தது. அதைத் துடைத்துவிட அவள் கை எழுந்தது. ஆனால் கோபத்தில் துடைக்காமலே போய்விட்டாள்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு மூன்று பேரும் மெல்பேணில் இருக்கும் கேதீஸ்வரனின் தம்பி வீட்டுக்குப் போனார்கள். இரண்டு கிழமை, பதினாலு நாளும், வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து அந்த மாதத்துப் பில்லைத் திறந்தபோது சுகந்தினி கதிரையில் இருந்துவிட்டாள். மீட்டரைப் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள், ஒரு சதம் குறையவில்லை.

கேதீஸ்வரன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "அப்ப நான் மெல்பேணில குளிச்சதுக்கும் இஞ்ச பில் வருதாக்கும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

அடுத்த நாள் வேலைத்தலத்தில் மதிய இடைவேளையில் அவள் தண்ணீர் நிறுவனத்துக்குப் போன் எடுத்தாள். கனநேரம் பாட்டுக் கேட்கவிட்டு, பிறகு ஒரு பெண் வந்து பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். நிலத்துக்குக் கீழே குழாய் எங்காவது ஒழுகலாம் என்றாள். வீட்டில் ஒரு பைப்பும் திறக்காமல் வைத்துவிட்டு மீட்டரைப் போய்ப் பாருங்கள், முள் சுற்றினால் ஒழுக்குத்தான். மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள குழாய் உங்கள் பொறுப்பு, பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கு நேரம் கிடைத்தது. ராகவி நெட்பால் விளையாடப் போயிருந்தாள். கேதீஸ்வரன் நித்திரை. சுகந்தினி எல்லாப் பைப்பையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு திருப்புளியையும் போனையும் எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனாள்.

ஹில்ஸ்பரோவில் அவர்களுடையது முன்வீடு. அதன் பக்கவாட்டால் போகும் பாதை பின்வீட்டில் முடியும். ஒரே ஆள் ஒரே காலத்தில் கட்டிய இரண்டு வீடுகள். இரண்டுக்கும் மீட்டர்கள் வாசலில் பக்கத்துப் பக்கத்தில், இரண்டு பிளாஸ்டிக் மூடிகளுக்குக் கீழே இருந்தன. பின்வீட்டில் ரங்கநாதனும் ஆனந்தவல்லியும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ரங்கநாதனுக்கு ஐடி வேலை, பிள்ளைகள் இல்லை. முதலில் நல்லாகத்தான் பழகினார்கள், தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொண்டார்கள். இந்த வருஷம் ஏனோ ஒதுங்கிவிட்டார்கள். பாதையில் கண்டால் ஒரு சிரிப்பு, அத்தோடு சரி. மாதத்தில் ஒருநாள் வேன் வந்து பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுப் போகும். வீட்டிலிருந்தபடி ஏதோ வியாபாரம் செய்கிறார்கள், காசு சேரச் சேரப் பெருமையும் வந்துவிட்டது என்று சுகந்தினி முடிவுகட்டியிருந்தாள்.

முழங்காலில் நின்று ஒரு மூடியைக் கிளப்பினாள். உள்ளே ஒரு நத்தை. பில்லில் இருந்த மீட்டர் இலக்கத்தைப் போனில் ஒப்பிட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. முள்ளைப் பார்த்தாள். அது சும்மா ஊரவில்லை, விறுவிறு என்று சுற்றிக்கொண்டிருந்தது.

நிலத்துக்குக் கீழே ஒரு ஆறே ஓடுகிறது என்று அவளுக்குப் பட்டது. பிளம்பர் வரும்வரைக்கும் இதை இப்படியே விடுவதா? மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த திருகியை இரண்டு கையாலும் பிடித்து மூடினாள். முள் நின்றது. பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். வாளியில் தண்ணீர் பிடித்து வைக்காமல் மூடிவிட்டோமே என்று அப்போதுதான் ஞாபகம் வந்து, குழாயில் மிஞ்சியிருப்பதையாவது பிடிப்போம் என்று கேத்திலைப் பைப்புக்குக் கீழே பிடித்தாள்.

தண்ணீர் வந்தது. கேத்தில் நிரம்பியும் வந்தது. ஒரு சட்டி வைத்தாள், அதுவும் நிரம்பியது.

அவள் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பின்கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். ஆனந்தவல்லி. கையில் ரப்பர் உறை, முகத்தில் மாஸ்க் பாதி இறங்கித் தொங்கியது.

"சுகந்தினி, உங்க வீட்ல தண்ணி வருதா? எங்களுக்கு நின்னுபோச்சு. தெருவுக்கே நின்னுபோச்சா?"

"இல்லை அக்கா, இஞ்ச வருது..." என்று தொடங்கியவளுக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. சட்டியை வைத்துவிட்டு வெறுங்காலோடு நடைபாதைக்கு ஓடி, மண்ணில் விழுந்து, திருகியைத் திறந்தாள். முள் மறுபடி விறுவிறு என்று சுற்றியது.

திரும்பி வந்தபோது ஆனந்தவல்லி தன் வீட்டுக்கு ஓடிப்போயிருந்தாள். பின்வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே ஏதோ கூக் கூக்கென்று கத்திக்கொண்டிருந்தது. சுகந்தினி வாசலில் நின்று, "அக்கா, நான்தான் பிழையா மூடிப்போட்டன். இப்ப வருதா?" என்று கேட்டாள். கத்தல் நின்றது. யாரும் பதில் சொல்லாததால் அவள் ஒரு அடி உள்ளே வைத்தாள்.

முன்னறையில் ஒரு சாய்கதிரையில் ரங்கநாதன் போர்வை போர்த்திக்கொண்டு இருந்தார். நீட்டியிருந்த இடது கையிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்களில் இரத்தம் பக்கத்திலிருந்த இயந்திரத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது. இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து தடித்த குழாயொன்று சுவரில் பூட்டியிருந்த பைப்புக்குப் போனது. மூலையில் அந்த வேன் பெட்டிகள், கூரையளவுக்கு. திறந்திருந்த ஒன்றுக்குள் அதே மெல்லிய குழாய்கள்.

"வாங்க வாங்க. பயப்படாதீங்க" என்றார் ரங்கநாதன். குரல் இளைத்திருந்தது, ஆனால் சிரித்தார். "தண்ணி நின்னா இது இப்படித்தான் ஊரைக் கூட்டும். ஆபத்து ஒண்ணுமில்லை. எனக்கே சொல்லிக் கொடுத்திருக்காங்க, என்ன பண்ணணும்னு."

ஆனந்தவல்லி இயந்திரத்தின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் திரும்பினாள். திரும்பின உடனே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சிறுநீரகம் ரெண்டும் போயிடுச்சு, சுகந்தினி. ஆஸ்பத்திரியில கத்துக் கொடுத்து மெஷினை வீட்டுக்கே கொடுத்துட்டாங்க. மே மாசத்துல இருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள். யாருக்கும் சொல்லலை. ஊர்ல இவங்க அம்மாவுக்கே தெரியாது. சொன்னா எல்லாரும் வந்து பாவம் பாவம்னு உட்காருவாங்க. இவருக்கு அது ஆகாது."

சுகந்தினி மூலையிலிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். இந்தக் குளிர்காலம் முழுக்க அவர்களை என்னவெல்லாம் நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. கடைசியில் விஷயத்தைச் சொன்னாள். பில் ஏறினது, மெல்பேண் போய் வந்தது, தன் வீட்டு மீட்டரை மூட இவர்கள் வீட்டில் தண்ணீர் நின்றது. "அக்கா, கட்டினவன் குழாயை மாத்திக் கொடுத்திட்டான் போல. உங்கட தண்ணி எங்கட மீட்டரில ஓடுது. எங்கடது உங்கடதில. முந்தி ரெண்டு வீட்டிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு பாவிச்சபடியா ஒருத்தருக்கும் தெரியேல்லை."

ரங்கநாதன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, "வல்லி, நர்ஸ் கேட்டாங்களே, அதுக்கு இதுதான் பதில்" என்றார்.

என்னவென்று சுகந்தினி கேட்டதற்கு ஆனந்தவல்லிதான் சொன்னாள். "மெஷினுக்கு ஆகிற தண்ணிக்கு ஆஸ்பத்திரியில கொஞ்சம் காசு திருப்பித் தருவாங்க. பில்லைக் காட்டணும். காட்டினோம். எங்க பில்லு ஏறவே இல்லையே! நர்ஸ் நல்லவங்கதான், ஆனா கேட்டுட்டாங்க, மெஷினை ஒழுங்கா ஓட்டுறீங்களா, நடுவுல விட்டுடறீங்களான்னு. ஊசி குத்திக் குத்தி இந்தக் கையைப் பாருங்க. அன்னிக்குப் பூரா இவர் சாப்பிடலை."

"நான் என்ட மனுசனைக் குளிக்க விடேல்லை" என்றாள் சுகந்தினி.

சொன்ன பிறகு அது எப்படி ஒலித்தது என்று அவளுக்கே கேட்டது. ரங்கநாதன்தான் முதலில் சிரித்தார். அவருடைய கை ஆடக் கூடாதென்று ஆனந்தவல்லி தோளைப் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தாள், கண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே.

இதைக் கேதீஸ்வரனுக்குச் சொல்லலாமா என்று சுகந்தினி கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்தாள். "அவருக்குச் சொல்லுங்க. அதுக்கு மேல வேண்டாம்" என்றாள் ஆனந்தவல்லி.

மத்தியானம் எழும்பிவந்த கேதீஸ்வரனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கோப்பையை வைத்துவிட்டுக் கனநேரம் யன்னலால் பின்வீட்டைப் பார்த்தான். "மனுசன் தினமும் எனக்குக் கைகாட்டுறவர். கை காட்டேக்க மற்றக் கையைப் பொக்கெட்டுக்குள்ள வைச்சிருப்பார்" என்றான்.

"நான் உங்களைப் போட்டு வதைச்சுப்போட்டன்."

"அது பரவாயில்லை. ஆனா இப்ப எனக்குக் கெதியாக் குளிச்சுப் பழகிட்டுது. இனி ஆறுதலா நிண்டாலும் யாரோ கதவைத் தட்டுறமாதிரியே இருக்கும்." முகத்தில் சிரிப்பு வராமல்தான் சொன்னான். அவள்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தபோது சுகந்தினியும் ஆனந்தவல்லியும் சேர்ந்தே வாசலில் நின்றார்கள். அவன் ஒரு திருகியை மூடி ஒரு வீட்டில் பார்த்தான், மற்றதை மூடி மற்ற வீட்டில் பார்த்தான். தலையைச் சொறிந்தான். நிலத்தைக் கிண்டத் தேவையில்லை, பதிவில் இலக்கங்களை மாற்றினால் போதும் என்றான். பின்வீட்டில் டயாலிசிஸ் நடக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டான், திருத்த வேலைக்குத் தண்ணீரை நிறுத்துவதென்றால் முன்கூட்டியே அறிவிப்பதற்காக. புதிய பில்கள் வர ஒரு மாதம் எடுத்தது. முன்வீட்டுக்கு வரவாகச் சேர்ந்தது, பின்வீட்டுக்குச் செலவாக ஏறியது. அந்தச் செலவுப் பில்லை ஆனந்தவல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நர்ஸின் மேசையில் வைத்தாளாம். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து ரங்கநாதனிடம் மன்னிப்புக் கேட்டாளாம். தண்ணீர் பில் கூடினதற்குச் சந்தோஷப்பட்ட ஆள் ஒக்லாந்தில் நானாகத்தான் இருப்பேன் என்று ரங்கநாதன் சொன்னதாக ஆனந்தவல்லி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகொரு சனிக்கிழமை சுகந்தினியே போய்க் கேட்டாள். "அக்கா, மெஷின் ஓடுற நேரம் நான் அண்ணாவோட இருக்கிறன். ஏதும் எண்டால் போன் எடுக்கிறன். நீங்கள் ஒருக்கா வெளியில போயிட்டு வாங்கோ."

ஆனந்தவல்லி முதலில் மறுத்தாள். ரங்கநாதன், "போ வல்லி. நான்தான் எங்கேயும் ஓடிட முடியாதே" என்றதும் பையை எடுத்துக்கொண்டு சான்ட்ரிங்ஹாமுக்கு பஸ் ஏறினாள். மே மாதத்திலிருந்து அவள் கடைத்தெருவில் அவசரமில்லாமல் நடந்ததே இல்லை.

சுகந்தினி இயந்திரத்துக்கு எதிரில் இருந்து வெண்டிக்காய் நறுக்கினாள். ரங்கநாதன் டிவியில் கிரிக்கெட் பார்த்தார். இடையில் பக்கத்திலிருந்த சின்னப் போத்தலை எடுத்து ஒரு வாய் நனைத்துக்கொண்டு மூடினார்.

"இன்னும் கொஞ்சம் கொண்டுவரட்டோ அண்ணா?"

"வேண்டாம்மா. இந்த மெஷின் அவ்வளவு தண்ணி குடிக்குது, ஆனா எனக்கு நாள் பூரா இந்தப் போத்தல்தான் அளவு" என்றார். "வல்லி வர்றதுக்குள்ள தீர்த்துட்டா திட்டுவா."

சுகந்தினி போத்தலைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது.

"நிறையக் கிடக்கு" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்.